சொல்லச் சொல்ல ஆறும்!



மலருக்குக் கட்டுரை கேட்டபோது சி.என்.சி. மெஷின் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எழுத நம் வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது இரண்டு சிறுவர் நாவல்களைப் பற்றி. "டிப்ளமோ படிக்கிறவனுக்குச் சின்னப்புள்ளக் கதை எதுக்குடா?" என்று சிரிக்காதீர்கள். கடைசி வரை படித்துவிட்டு, அப்புறம் சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

போன வருடம் என் அப்பா இறந்துபோனார். நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான்தான். அஸ்தியைக் கரைக்க ஒரு வேன் பிடித்து இராமேஸ்வரம் போனோம். மதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் என்று ஊர்கள் கடந்து போயின. வேனில் ஒருவரும் அப்பாவைப் பற்றிப் பேசவில்லை. பாம்பன் பாலத்தில் கடலைப் பார்த்ததும் தங்கச்சி மட்டும், "அப்பா இதைப் பாத்திருக்காராம்மா?" என்று கேட்டாள். "அதெல்லாம் பேசாத, அம்மா அழும்" என்று சித்தப்பா அடக்கிவிட்டார். அவ்வளவுதான். வீடு திரும்பும்வரை இன்ஜின் சத்தம் மட்டுமே.

அந்த செமஸ்டரில் எனக்கு இரண்டு அரியர். எங்கள் ஆங்கில விரிவுரையாளர் திட்டவில்லை. ஒரு புத்தகத்தைக் கொடுத்து, "டிக்‌ஷனரி வச்சுக்கிட்டு மெதுவாப் படி" என்றார்.

விஜியும் ருக்குவும்

புத்தகத்தின் பெயர் 'தி பிரிட்ஜ் ஹோம்'. 2019-ல் வெளிவந்தது. எழுதியவர் பத்மா வெங்கட்ராமன். சென்னையில் பிறந்து, கடலியல் படித்து, அமெரிக்காவில் வாழ்பவர். இந்த நாவலுக்கு 2020-ல் அங்கே வால்டர் டீன் மையர்ஸ் விருது கிடைத்தது.

கதையில் விஜிக்குப் பதினோரு வயது. அக்கா ருக்கு வயதில் மூத்தவள், ஆனால் மனவளர்ச்சி குறைந்தவள். அடிக்கிற அப்பாவிடமிருந்து தப்பிக்க, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விஜி நகரத்துக்கு பஸ் ஏறுகிறாள். அங்கே ஓர் இடிந்த பாலம்தான் வீடு. முத்து, அருள் என்ற இரண்டு பையன்கள் சேர்ந்துகொள்ள, நாலு பேரும் ஒரு குடும்பம் ஆகிறார்கள். குப்பை பொறுக்கிப் பிழைக்கிறார்கள். ருக்கு பாசிமணி கோத்து மாலை செய்கிறாள். அருள் தன் குடும்பத்தை 2004 சுனாமியில் பறிகொடுத்தவன்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து ருக்கு இறந்துபோகிறாள். அக்காவைக் கிளப்பிக் கூட்டி வந்தவள் தான்தானே என்று விஜி உள்ளுக்குள் நொறுங்கிப் போகிறாள். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தும் செலினா ஆண்ட்டி, அக்காவிடம் பேச முடியாவிட்டால் எழுது என்கிறார். விஜி எழுதுகிறாள். அந்த எழுத்துதான் நாவல்! புத்தகம் முழுக்க ருக்குவை 'நீ' என்று கூப்பிட்டே எழுதியிருக்கிறாள்.

மூவாயிரம் கிலோமீட்டர் கதை

இதைப் படித்து முடித்ததும் சார் இன்னொன்று கொடுத்தார். ஷேரன் கிரீச் 1994-ல் எழுதிய 'வாக் டூ மூன்ஸ்'. 1995-ல் நியூபெரி பதக்கம் பெற்றது. சால் என்ற பதின்மூன்று வயதுப் பெண் தாத்தா பாட்டியுடன் காரில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலிருந்து ஐடஹோவில் உள்ள லூயிஸ்டன் ஊருக்குப் போகிறாள். 3,000 கிலோமீட்டருக்கும் மேல்! வழியில் மவுண்ட் ரஷ்மோர் மலைச் சிற்பம், யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்று எல்லாம் பார்க்கிறார்கள். அம்மாவின் பிறந்தநாளுக்குள் அந்த ஊரைச் சேர்ந்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அம்மா அங்கே பஸ் விபத்தில் இறந்து அடக்கமாகி இருக்கிறாள் என்பது நமக்குக் கடைசியில்தான் புரிகிறது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் மனசு ஒப்பவில்லை.

வழி நெடுக அவள் தோழி ஒருத்தியின் கதையைத் தாத்தா பாட்டிக்குச் சொல்லிக்கொண்டே வருகிறாள். அந்தத் தோழியின் அம்மாவும் வீட்டை விட்டுப் போனவள்தான். அடுத்தவள் கதையைச் சொல்லச் சொல்ல, தன் கதை அவளுக்கே விளங்குகிறது.

இவளுக்கும் ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. மரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்த இவளை வயிற்றுப்பிள்ளைக்காரியான அம்மா தூக்கி வந்தாள். அன்று இரவு குழந்தை இறந்தே பிறந்தது. "எல்லாம் என்னாலதான்" என்ற எண்ணத்தை இவள் சுமந்துகொண்டே திரிகிறாள்.

நம் பாஷையில் சொன்னால்...

வெல்டிங் செய்த ஜாப் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே இழுவிசை அடைந்து கிடக்கும். அப்படியே லோடு கொடுத்தால் ஒருநாள் விரிசல் விடும். அதனால் ஸ்டீலை சுமார் 600 டிகிரி வரை சூடாக்கி, ஃபர்னஸிலேயே மெல்ல ஆறவிடுகிறோம். துக்கமும் அப்படித்தான் என்பேன். மூடி வைத்தால் ஆறாது. ஒருமுறை சூடேற வேண்டும், பிறகு மெதுவாக ஆற வேண்டும். இதற்கு அமெரிக்கா வரை போவானேன்? நம் ஊர்ப் பெண்கள் பாடும் ஒப்பாரியும் இறந்தவர் கதையைச் சொல்லி அழுவதுதானே! ஆனால் கருமாதியோடு அதை நிறுத்திவிடுகிறோம். ஆம்பளப் பிள்ளைக்கு அதுவும் கிடையாது.

புத்தகம் முடிந்த வாரம் அம்மாவோடு திண்டுக்கல் போனேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். "அன்னிக்குக் காலையில அப்பா நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாரும்மா. எனக்கு டெஸ்ட் இருந்துச்சு, கிளம்பிட்டேன்."

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கிட்டயுந்தான்ப்பா சொன்னாரு. சுக்குத்தண்ணி வச்சுக் குடுத்து நானேதான் மார்க்கெட்டுக்கு அனுப்பி வச்சேன்" என்றார்.

ஒரே பாரத்தை ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகத் தூக்கியிருக்கிறோம்!

அப்புறம் திண்டுக்கல் வரும்வரை அப்பா பேச்சுதான். எனக்கு மினி டிராஃப்டர் வாங்கி வந்த அன்று, அதைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, "இது எம் மகன் இன்ஜினியர் சாமான்" என்று கண்டக்டரிடம் சொன்னாராம். சொல்லும்போது அம்மா சிரித்தார், அழவும் செய்தார். இதை நான் அதுவரை கேட்டதே இல்லை.

நண்பர்களே! நம் ஹாஸ்டலிலும் பஸ்ஸிலும் இப்படி வாய் திறக்காமல் இருக்கிறவர்கள் இருப்பார்கள். "விடு மாப்ள, மறந்துரு" என்று சொல்லாதீர்கள். "உங்க அப்பா எப்படிடா இருப்பாரு?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

— இயந்திரவியல் துறை, இரண்டாம் ஆண்டு