உங்களுக்குத் தெரியுமா? ஊவாவின் படைக் கோட்டைகள்

தேயிலை வருவதற்கு முன் ஊவா மலைகள் போர்க்களமாக இருந்தன. தோட்டத்துப் பெயர்ப் பலகைகளுக்கும் பழைய தேவாலயங்களுக்கும் பின்னால் உள்ள அந்தக் கதையிலிருந்து சில துளிகள்.

★ 1630இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா பதுளைவரை ஏறிவந்து ஊரை எரித்தார். திரும்பும் வழியில், வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனிவெலவில் கண்டிப் படை வளைத்துக்கொண்டது. அவருடைய உள்நாட்டுப் படைவீரர்கள் பலர் கண்டியின் பக்கம் சேர்ந்துவிட, தளபதி அங்கேயே மாண்டார்.

★ 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. இரண்டே ஆண்டில் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தது. அதன் நாயகனாக முன்வந்த வில்பாவே, தன்னைக் கண்டியை ஆண்ட நாயக்கர் வம்சத்துத் துரைசாமி என்று அறிவித்துக்கொண்டார். மதுரைத் தொடர்புடைய அந்த அரச மரபுக்கு மலைநாட்டில் அப்போதும் செல்வாக்கு இருந்தது. விசாரிக்கப் புறப்பட்ட பதுளையின் ஆங்கிலேய அதிகாரி வில்சன் அம்பு பட்டு இறந்தார்.

★ கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் அனுப்பியவர் ஊவா திசாவை (மாகாணத் தலைவர்) கெப்பெட்டிப்பொல. அவர் போன இடத்திலேயே கிளர்ச்சிக்காரர்களுடன் சேர்ந்து அவர்களுக்குத் தலைமை ஏற்றார்.

★ 1818இல் வெலிமடைக்கு அருகே பரணகமவில், ஆங்கிலேய மேஜர் மக்டொனால்ட் 60 பேருடன் ஒரு குன்றில் நின்று, கெப்பெட்டிப்பொலவின் பெரும் படையை எட்டு நாள் தடுத்தார். அந்த இடத்துக்கு 'போர்ட் மக்டொனால்ட்' என்ற பெயர் வந்தது. பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், தம் இலங்கை வேட்டை நூலில் அதே பெயருள்ள ஆற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்.

★ படை போதாமல் ஆளுநர் பிரவுன்ரிக் சென்னை மாகாணத்திடம் உதவி கேட்டார். அங்கிருந்து சிப்பாய்கள் வந்து சேர்ந்தார்கள். கோப்பித் தோட்டத் தொழிலாளர் ஊவா மலை ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நடந்தது இது.

★ கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேயரால் வீடுகள் கொளுத்தப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன, விளைச்சல் அழிக்கப்பட்டது. சண்டை, பசி, நோய் மூன்றாலும் கண்டி மக்கள் குறைந்தது 10,000 பேர் இறந்திருப்பார்கள் என்று ஆங்கிலேயப் படை மருத்துவர் ஹென்றி மார்ஷலே கணித்தார். வெற்றி பெற்ற படையிலும் தோட்டாவைவிட நோய்க்குப் பலியானவர்களே அதிகம்.

★ கெப்பெட்டிப்பொல 1818 நவம்பரில் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவர் மண்டையோட்டை மார்ஷல் எடின்பரோவுக்குக் கொண்டுபோனார். அது 1954இல்தான் தாய்நாடு திரும்பியது.

★ ஆங்கிலேயர் அமைத்த இலங்கை ரைபிள் படைப்பிரிவின் முதுகெலும்பு மலாய் வீரர்கள். படை கலைக்கப்பட்ட பிறகும் அவர்களின் வழித்தோன்றல்கள் பதுளையில் வாழ்கிறார்கள். அப்படைப்பிரிவின் மேஜர் ரோஜர்ஸ், ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயரெடுத்தவர். பதுளையின் நிர்வாகியாகவும் இருந்த அவர், 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளை புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது.

★ 1900 முதல், தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்கள் ஏறத்தாழ 5,000 பேர் தியத்தலாவையில் தகரக் கொட்டகைகளில் அடைக்கப்பட்டார்கள். இன்று அதே ஊரில் இலங்கை இராணுவக் கல்லூரி இயங்குகிறது.

★ 1818இல் ஆங்கிலேயரால் துரோகிகள் என்று அறிவிக்கப்பட்ட கெப்பெட்டிப்பொல முதலான 19 தலைவர்களை, 2016 டிசம்பரில் இலங்கை அரசு தேசிய வீரர்களாக அறிவித்தது. அந்தத் தீர்ப்பைத் திருத்த ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆயின. சிங்களவர், தமிழர், மலாயர் எல்லோருடைய முன்னோரும் 1818 போரில் ஏதோ ஒரு பக்கம் நின்றார்கள். ஆகவே ஊவாவின் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் இதைத் தங்கள் ஊர் வரலாறாகவே படிக்க வேண்டும்.