போனது ஷாக் இல்லை, கிரீஸ்

அம்பத்தூர் வட்டாரத்துக்கு சைக்கிள் புதிதல்ல. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அங்கே ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் செய்து ஊரெல்லாம் அனுப்பியது. அந்த வண்டிகளின் முன் ஃபோர்க் வெறும் இரும்புக் குழாய். அதில் சர்வீஸ் பண்ண எதுவுமில்லை. அரசுப் பள்ளிகளில் தரும் இலவச சைக்கிளும் அப்படித்தான். ஆனால் இன்று பக்கத்துத் திருவேற்காட்டில் டியூஷனுக்குப் போகிற பிள்ளை கேட்பது ஷாக் வைத்த எம்.டி.பி., அதாவது மலைச் சைக்கிள். வாங்கிய புதிதில் அது மெத்தை போல அமுங்கும்; மழைக்காலம் இரண்டு போனால் கட்டையாகிவிடும். ‘ஷாக் போச்சு, புதுசு மாத்திடலாம்’ என்று தீர்ப்பாகிவிடுகிறது. பெரும்பாலும் போனது ஷாக் இல்லை, உள்ளே இருந்த கிரீஸ். அதை வீட்டு வாசலிலேயே, முதல் தடவை ஸ்பேனர் பிடிப்பவரும் சரிசெய்யலாம் என்பது என் கட்சி.

சன்டூர் எக்ஸ்.சி.டி. போன்ற விலை குறைந்த ஃபோர்க்குக்குள் பெரிய ரகசியம் எதுவுமில்லை. ஒரு ஸ்பிரிங், இரண்டு மேல் குழாய்கள், அவற்றின் மேல் ஏறி இறங்கும் கீழ்க்கால்கள், இடையே புஷ், வாயில் ஒரு ரப்பர் சீல். பூந்தமல்லி–ஆவடி சாலைப் புழுதியும் ஐப்பசித் தண்ணீரும் அந்த சீலைத் தாண்டிவிட்டால் கிரீஸ் கரும்பசையாகி, உப்புத்தாள் போலக் குழாயின் பளபளப்பைத் தின்னும். சக்கரத்தையும் பிரேக்கையும் எடுத்துவிட்டு, கால்களின் அடியில் இருக்கிற இரண்டு போல்ட்டையும் நாலு சுற்றுத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிவிட்டு முழுதாகக் கழற்றினால், கீழ்க்கால்கள் இரண்டும் ஒரே துண்டாகக் கையோடு வரும். பசையை ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, குழாய் மேல் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் எங்கும் மாட்டாவிட்டால் ஃபோர்க்குக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது. புஷ்ஷிலும் சீலின் உள்விளிம்பிலும் சஸ்பென்ஷன் கிரீஸ் தடவி, கழற்றிய வரிசையில் பூட்டினால் வேலை முடிந்தது. மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம், சில வகை ரப்பரை அது ஊதவைத்துவிடும். டிஸ்க் பிரேக் வண்டியானால் கிரீஸ் கையோடு டிஸ்க்கைத் தொடவே கூடாது, பிரேக் பிடிக்காது.

பைக் மெக்கானிக் இருக்கும்போது நமக்கெதற்கு இந்த வேலை என்பார்கள். அவருக்குத் தெரிந்தது எண்ணெய் நிற்கிற ஃபோர்க். கிரீஸில் ஓடும் சைக்கிள் ஃபோர்க்கில் பழக்கதோஷத்தில் ஆயில் ஊற்றினால், தூசியை மட்டும் தடுக்கிற அந்த சீல் வழியாக அது ஒழுகிவிடும். ஆபத்தில்லையா என்பது இன்னொரு கேள்வி. காற்று அடைத்த ஃபோர்க்கில் உண்டு: காற்றை முழுக்க இறக்காமல் திறந்தால் உள்ளிருப்பது தெறித்து வரும். ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் டேம்பர் குப்பியையும் புதியவர் தொட வேண்டாம், அது தெரிந்தவர் வேலை. இதையெல்லாம் எத்தனை நாளைக்கொரு முறை செய்வது? கீழ்க்கால் சர்வீஸுக்கு ஃபோர்க் நிறுவனமான ராக்‌ஷாக்ஸ் சொல்கிற கணக்கு 50 மணி நேர ஓட்டம். தினம் ஒரு மணி நேரம் ஓட்டும் பிள்ளைக்கு அது இரண்டு மாதம்கூட வராது. மலைப்பாதையில் ஓட்டுபவருக்கான அந்தக் கணக்கைத் தார்ச்சாலைக்கு அப்படியே கொண்டுவர வேண்டியதில்லை. ஐப்பசி பிறக்கும் முன் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை போதும் என்பேன். வாரண்டி ஓடுகிற வண்டியானால் கையேட்டைப் பார்த்துவிட்டே போல்ட்டைத் தொடுங்கள்.

மேடு பள்ளம் என்றால் வேகத்தடைதான் என்கிற ஊரில் ஷாக் எதற்கு என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் முழு பதிலில்லை. இரண்டரைக் கிலோவுக்குக் கிட்டத்தட்ட வரும் ஃபோர்க்கைப் பிள்ளை தினமும் மிதித்துச் சுமக்கிறது. அதனால் எல்லா ஃபோர்க்கையும் காப்பாற்றியே தீர வேண்டுமென்று சொல்லமாட்டேன். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் விரலை சீலும் குழாயும் சேரும் இடத்தில் வைத்து, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விரலில் ‘டக் டக்’ என்று தட்டினால் புஷ் தேய்ந்துவிட்டது, அதற்குக் கிரீஸ் மருந்தில்லை. பழைய ஹெர்குலிஸ் போல ஷாக் இல்லாத ஃபோர்க் ஒன்றை மாட்டிவிடலாம். தட்டு மேலே, ஹேண்டில்பாருக்குக் கீழே கேட்டால் அது கழுத்து பேரிங். ஃபோர்க்கைக் குறை சொல்லாதீர்கள்.