ஒரே செல், இரண்டு அறைகள்

வாழைப்பூ ஆய்ந்து முடிப்பதற்குள் விரலெல்லாம் கறை. கத்தரிக்காயை அரிந்து அப்படியே வைத்தாலோ, சிறிது நேரத்தில் வெள்ளைச் சதை பழுப்பேறிவிடுகிறது. முழுக் காயாக இருந்தவரை வராத கறுப்பு, கத்தி பட்டதும் எங்கிருந்து வருகிறது?

பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியின் வேலை இது. செம்பு அணுக்களை நடுவில் வைத்திருக்கும் புரதம். 1895-ல் பிரான்சைச் சேர்ந்த பூர்க்லோவும் பெர்த்ராந்தும் இதன் நெருங்கிய உறவான டைரோசினேஸைக் காளானில் கண்டறிந்தார்கள்.

இந்த நொதி குடியிருக்கும் இடம்தான் வியப்பு. இதற்கான மரபணு இருப்பது உட்கருவில்; புரதம் உருவாவது சைட்டோபிளாசத்தில். ஆனால் அது அங்கே தங்குவதில்லை. புரதத்தின் முனையில் விலாசச் சீட்டு போல ஒரு சிறு துண்டு ஒட்டியிருக்கிறது. அந்த அடையாளத்தைக் கொண்டு பசுங்கணிகம் அதை உள்ளே வாங்கிக்கொள்ளும், சீட்டு வெட்டப்படும். இலைகளில் அது கடைசியாகப் போய்ச் சேர்வது, ஒளிச்சேர்க்கை நடக்கும் தைலக்காய்டு பைகளுக்குள். பச்சை இல்லாத சதைப்பகுதியில் நிறமற்ற கணிகங்கள் அதற்கு இடம் தருகின்றன.

நொதி மாற்றவேண்டிய ஃபீனால் சேர்மங்களோ பெரும்பாலும் வேறோர் அறையில், வாக்குவோலில் கிடக்கின்றன. கத்தரிக்காயில் அது குளோரோஜெனிக் அமிலம், வாழைப்பழத்தில் டோபமைன். இடையில் இருப்பவை மெல்லிய சவ்வுகள் மட்டுமே. கத்தி அவற்றைக் கிழித்ததும் நொதியும் ஃபீனாலும் காற்றின் ஆக்சிஜனும் ஒன்றுகூடுகின்றன. பிறக்கும் குயினோன்கள் ஒன்றோடொன்று பிணைந்து பழுப்பு நிறமாகின்றன.

சமையலறையில் தொல்லையான இதே கறுப்புதான் நீலகிரித் தேயிலை ஆலைகளுக்குப் பிழைப்பு. வாடவைத்த கொழுந்தை சி.டி.சி. இயந்திரத்தின் பல் உருளைகள் நசுக்கிக் கிழிப்பது, இந்த அறைகளை உடைக்கத்தான். இலையின் ஃபீனால்களான கேட்டக்கின்கள் தியாஃபிளேவின்களாக மாறி, தேநீருக்குச் செம்பொன் நிறமும் துவர்ப்பும் தருகின்றன. ஆலையில் இதை 'ஃபெர்மென்டேஷன்' என்கிறார்கள். உண்மையில் ஈஸ்ட் எதுவும் தேவையில்லை, இலையின் சொந்த நொதியே போதும். பச்சைத் தேயிலை தயாரிப்பவர்கள் முதலிலேயே சூடுகாட்டி நொதியைச் செயலிழக்கச் செய்துவிடுகிறார்கள்.

அரிந்த வாழைப்பூவை மோர் கலந்த தண்ணீரில் போடும் வழக்கம் எவ்வளவு நுட்பமானது! புளிப்பு நொதியை மந்தமாக்குகிறது, தண்ணீர் காற்றைத் தடுக்கிறது. ஆனால் அரிய அரிய உடனே போட்டுவிட வேண்டும். பழுப்பேறிய பிறகு போட்டால் பழைய நிறம் திரும்பாது.