சர்வர் ஸ்லோவா? ‘சான்’ ஸ்விட்ச்சில் கோளாறைத் தேடுவது எப்படி?

சம்பள நாள். பேங்க் ஆப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ‘எங்க பக்கம் எல்லாம் ஓகே’ என்கிறது டேட்டாபேஸ் டீம். ஸ்டோரேஜ் டீமும் அதையேதான் சொல்கிறது. இருவருக்கும் நடுவில் இருக்கும் சான் ஸ்விட்ச்சை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

சர்வர்களையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் தனி நெட்வொர்க்தான் சான். இதில் பெரும்பாலும் ஓடுவது ஃபைபர் சேனல். நெரிசல் வந்தால் சாதாரண ஈதர்நெட் சில பாக்கெட்டுகளைக் கைவிட்டுவிடும். ஃபைபர் சேனலோ தரவைக் கைவிடாமல் காத்திருக்கும். அதனால்தான் வலி ஓரிடத்திலும் காயம் வேறிடத்திலும் இருக்கிறது.

முதலில் ஒளியைப் பாருங்கள்

போர்ட் அடிக்கடி விழுந்து எழுகிறதா? ஸ்விட்ச்சைச் சந்தேகிக்கும் முன் கேபிளையும், அதைச் செருகும் எஸ்எஃப்பி மாட்யூலையும் பாருங்கள். டேட்டா சென்டருக்குள் ஓடும் மல்டிமோட் ஃபைபரில் ஒளி செல்லும் மையத்தின் அகலம் வெறும் 50 மைக்ரான். ஒரு தூசி போதும், ஒளி குறைந்துவிடும். முதலில் கனெக்டரைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு கேபிள், அதன்பிறகு எஸ்எஃப்பி என ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஃபைபர் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது.

எண்ணை இரண்டு முறை எடுங்கள்

சிஆர்சி பிழை 5,000 என்று காட்டினால் பதற வேண்டாம். அது கடைசியாக கவுன்டரை அழித்ததிலிருந்து சேர்ந்த மொத்தம். போன வருடம் நடந்ததாகக்கூட இருக்கலாம். எண்ணைக் குறித்துவைத்து, 10 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். ஏறிக்கொண்டே இருந்தால்தான் இப்போதைய பிரச்சினை.

டிஸ்க் தெரியலையா?

லிங்க் பச்சையாக எரிகிறது, ஆனால் சர்வருக்கு டிஸ்க் தெரியவில்லை என்றால் ஸோனிங்கைப் பாருங்கள். எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜிடம் பேசலாம் என்ற அனுமதிப் பட்டியல் அது. பெரும்பாலும் ‘டபிள்யூடபிள்யூஎன்’ என்ற முகவரியை வைத்தே இது எழுதப்படும். சர்வரில் ஹெச்பிஏ கார்டை மாற்றினால் அந்த முகவரியும் மாறிவிடும். ஸோனிலும் ஸ்டோரேஜிலும் புதிய முகவரியைச் சேர்க்க மறப்பது ரொம்ப சகஜம்.

பழைய ஸ்விட்ச் ஒன்றைக் கொண்டுவந்து இணைத்ததும் நெட்வொர்க் இரண்டாகப் பிரிந்துவிட்டதா? இரண்டு ஸ்விட்ச்சுக்கும் ஒரே டொமைன் ஐடி இருக்கிறதா, ஒரே பெயரில் வெவ்வேறு ஸோன்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஒரு லாரி, நீண்ட வரிசை

கண்டுபிடிக்கக் கடினமானது ‘ஸ்லோ டிரெய்ன்’. வாங்கும் பக்கம் ‘இடம் இருக்கு’ என்று கிரெடிட் கொடுத்தால்தான் ஸ்விட்ச் தரவை அனுப்பும். திணறும் சர்வர் ஒன்று கிரெடிட்டைத் தாமதமாகக் கொடுத்தால், அதற்கான தரவு ஸ்விட்ச்சில் தேங்கும். ஸ்விட்ச்களை இணைக்கும் பாதையும் அடைபடும். சுங்கச்சாவடியில் ஒரு லாரி நின்றால் பின்னால் வரும் ஆம்புலன்ஸும் நிற்பதுபோல, சம்பந்தமே இல்லாத சர்வர்களும் ஸ்லோவாகும்.

எனவே, புகார் வந்த சர்வரோடு நிறுத்தாதீர்கள். கிரெடிட் பூஜ்ஜியமாக இருந்த நேரம் எந்த சர்வரின் போர்ட்டில் வேகமாக ஏறுகிறது என்று தேடுங்கள். பழைய, வேகம் குறைந்த கார்டோ, திணறும் சர்வரோ அங்கே சிக்கும்.

ரீபூட் வேண்டாம்

ரீபூட் செய்தால் தடயம் அழிந்துவிடலாம். முதலில் லாக்கைச் சேமியுங்கள். பொதுவாக ‘ஏ’, ‘பி’ என இரண்டு தனிப் பாதைகள் இருக்கும். ‘ஏ’யில் கை வைக்கும் முன், எல்லா சர்வர்களுக்கும் ‘பி’ உயிரோடு இருக்கிறதா என்று மல்டிபாத்தில் உறுதி செய்யுங்கள். அதைப் பார்க்காமல் ஒரு கேபிளை உருவினால், ஸ்லோவாக இருந்த ஆப் மொத்தமாக நின்றுவிடும்.