ஆர்ச்டாப் கிதாருக்கான பிக்கப்

ஆர்ச்டாப் என்பது ஜாஸ் இசையில் வாசிக்கப்படும், மேற்பலகை குவிந்த, உட்கூடான கிதார். மேடையில் இதன் ஒலியைப் பெருக்கப் பிக்கப் தேவை. 1936இல் கிப்சன் வெளியிட்ட இஎஸ்-150 கிதாரில் காந்தப் பிக்கப் பலகையிலேயே பொருத்தப்பட்டது. சார்லி கிறிஸ்டியன் அதை வாசித்துப் புகழ்பெற்றார். ஆனால் துளையும் கூடுதல் எடையும் பலகையின் அதிர்வைக் குறைக்கும். மிதவைப் பிக்கப் கழுத்தின் முனையிலோ விரல்காப்புத் தகட்டிலோ நிற்பதால் பலகையைத் தொடாது. நல்ல மரக் கிதாருக்கு இதுவே ஏற்றது. காந்தம் வெண்கலத்தை உணராது. அதனால் வெண்கலம் சுற்றிய தந்திகள் மெலிந்து, சுற்றில்லாத இரண்டு மட்டும் ஓங்கி ஒலிக்கும். நிக்கல் சுற்றியவற்றுக்கு மாறினால் சீராகும். பிரிட்ஜில் வைக்கும் பீசோ பிக்கப் மரத்தின் ஒலியை நெருங்கித் தரும். எனினும் டிரம்ஸுக்கு ஈடாக ஒலியைக் கூட்டினால், ஒலிபெருக்கியின் சத்தமே பலகையை மீண்டும் அதிரவைத்து ஊளையிடும்.