வாசலில் பத்து நிமிடம்

அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள். தன்பாலினத் திருமணத்தை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். தங்கள் பக்கத்துக் கருத்துகளையே படித்தால் 7 டாலர் பரிசுக் குலுக்கலில் பெயர் சேரும். எதிர்த்தரப்பு சொல்வதைப் படித்தால் 10 டாலர் குலுக்கலில் சேரும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் 7 டாலரே போதும் என்றுவிட்டார்கள். இதில் ஆதரிப்பவர், எதிர்ப்பவர் என்ற பேதமே இல்லை. 2017-இல் வெளியான ஆய்வு இது. ஓசியில் கொடுத்தாலும் எதிர்க்கட்சிப் பத்திரிகையைத் தொடாதவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது.

ஏன் இந்தப் பிடிவாதம்? தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜோனஸ் காப்லானும் அவருடைய சகாக்களும் 40 பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, அவர்கள் நம்பும் விஷயங்களுக்கு எதிரான வாதங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் எடிசன் என்பது போன்ற நம்பிக்கை என்றால் ஆட்கள் ஓரளவு இறங்கி வந்தார்கள். அரசியல் நம்பிக்கை என்றதும் அசையவில்லை. அப்போது ‘நான் யார்’ என்ற சிந்தனையோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகள் கூடுதலாக இயங்கின. அதிகம் பிடிவாதம் காட்டியவர்களிடம் உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலாவும் இன்சுலாவும் சுறுசுறுப்பாயின. நாற்பது பேருமே தாராளவாதக் கருத்துடையவர்கள் என்பதால் இந்த 2016-ஆம் ஆண்டு ஆய்வை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட முடியாது. ஆனாலும் அனுபவத்தோடு பொருந்தவே செய்கிறது. கட்சியைக் குறை சொன்னால் ஆளையே குறை சொன்னதுபோல் முகம் சிவப்பதை யார்தான் பார்த்ததில்லை?

இந்தப் பிடிவாதத்தை வாசற்படியில் நின்று எதிர்கொண்டவர்களின் கதை, ஆய்வுக்கூடக் கதையைவிடச் சுவையானது. 2008 நவம்பரில் கலிபோர்னியா மக்கள் ‘எட்டாம் முன்மொழிவு’ என்ற வாக்கெடுப்பில் தன்பாலினத் திருமணத்துக்குத் தடை விதித்தார்கள். தடைக்கு ஆதரவாக விழுந்தவை சுமார் 52 விழுக்காடு வாக்குகள். தோற்றவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? ஜெயித்தவர்களைத் திட்டுவார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் எல்ஜிபிடி மையத்தைச் சேர்ந்த டேவ் ஃப்ளைஷரும் அவருடைய குழுவினரும் தங்களுக்கு எதிராக வாக்களித்த வீடுகளின் கதவைத் தட்டி, “ஏன் அப்படி வாக்களித்தீர்கள்?” என்று கேட்டார்கள். பதிலைக் கேட்டுக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான உரையாடல்களுக்குப் பிறகு அது ஒரு முறையாகவே உருவாகிவிட்டது.

அந்த முறை இப்படிப் போகும். உரையாடப்போகும் விஷயத்தில் உங்கள் ஆதரவுக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் கொடுங்கள் என்பார் தொண்டர். நீங்கள் 3 என்றால், ஏன் 3 என்று கேட்பார். நீங்கள் சொல்லும் காரணம் அவரையே புண்படுத்தலாம். அவர் முகம் சுளிக்கமாட்டார், திருத்தவும் மாட்டார். மேலும் கேட்பார். பிறகு, “நீங்கள் மற்றவர்களைப் போல இல்லை என்பதற்காக யாராவது உங்களை இளக்காரமாகப் பார்த்த அனுபவம் உண்டா?” என்று கேட்பார். தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றையும் சொல்வார். பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஏதாவது ஒரு நினைவு இருக்கும். அந்த நினைவிலிருந்து பேச்சு மெல்ல விவாத விஷயத்துக்குத் திரும்பும். கிளம்பும்முன் மறுபடியும் எண்ணைக் கேட்பார்.

தொண்டர்கள் எந்தத் தரப்பு என்பது மறைக்கப்படுவதில்லை, வந்த நோக்கமும் மறைக்கப்படுவதில்லை. நாகரிகமாகப் பேசுவது என்றால் கொள்கையைப் பூசிமெழுகுவது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, மனம் உண்மையிலேயே மாறுகிறதா, அல்லது வந்தவரை அனுப்பிவைக்க எண்ணைக் கூட்டிச் சொல்கிறார்களா? இங்கேதான் ஒரு மோசடி குறுக்கே வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழக லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தின் ஆய்வு மாணவர் மைக்கேல் லகூரும் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கிரீனும் சேர்ந்து 2014 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தன்பாலின ஈர்ப்புள்ளவரே வீட்டுக்கு வந்து பேசினால் மாற்றம் பல மாதம் நிலைக்கிறது என்றது கட்டுரை. பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. இதேபோன்ற ஆய்வை மயாமியில் நடத்தத் தயாரான டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள், அந்தத் தரவுகள் இயல்பாக இல்லை என்பதைக் கண்டுபிடித்தார்கள். கருத்துக்கணிப்பு நடத்தியதாகச் சொல்லப்பட்ட நிறுவனத்தை விசாரித்தால், அப்படி ஒரு வேலையே தங்களுக்குத் தெரியாது என்றது. புரூக்மனும் கல்லாவும் தங்கள் சந்தேகங்களை யேல் பல்கலைக்கழகத்தின் பீட்டர் அரோனோவுடன் சேர்ந்து கிரீன் முன்னால் வைத்தார்கள். கிரீன் தன் பெயரைக் காப்பாற்ற வாதாடவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறும்படி அவரே இதழுக்கு எழுதினார். 2015 மே மாதம் அது திரும்பப் பெறப்பட்டது. கருத்து வேறுபாட்டைக் கையாள்வது பற்றிய இந்தக் கதையில், அதை ஒழுங்காகக் கையாண்டவர் என்று நான் முதலில் சொல்வது கிரீனைத்தான்.

மோசடியை அம்பலப்படுத்திய அந்த இருவரும் மயாமியில் தங்கள் சோதனையை நடத்தி முடித்தார்கள். அங்கே விஷயம் திருநர் உரிமை. திருநர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் சட்டத்தை மயாமி-டேட் மாவட்டம் சற்று முன்புதான் இயற்றியிருந்தது. 56 தொண்டர்கள் 501 வாக்காளர்களிடம் பேசினார்கள். குலுக்கல் முறையில் ஒரு பாதியினரிடம் திருநர் பற்றி, மறு பாதியினரிடம் குப்பை மறுசுழற்சி பற்றி. பேச்சு சராசரியாகப் பத்து நிமிடம். அதன் பின் வேறு ஏதோ பொதுவான கருத்துக்கணிப்பு என்ற பெயரில் இரு சாராரின் மனநிலையையும் மூன்று மாதம் வரை அளந்தார்கள். வந்தவரைத் திருப்திப்படுத்தச் சொன்ன எண் இதில் தங்காது. முடிவு 2016 ஏப்ரலில் அதே ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. திருநர் மீதான வெறுப்பு குறைந்திருந்தது, மூன்று மாதம் கழித்தும் குறைந்தே இருந்தது. தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் மீதான அமெரிக்கர்களின் வெறுப்பு 1998-இலிருந்து 2012 வரை சராசரியாக எவ்வளவு தணிந்ததோ, அதைவிடப் பெரிய மாற்றம் இது.

லகூர் சொன்னதற்கு மாறாக இன்னொன்றும் தெரியவந்தது. பேசியவர் திருநராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் கிடைத்தது. இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். இந்த முறையின் மீது எழும் நியாயமான எதிர்ப்பு ஒன்று உண்டு: அவமானப்படுபவரே, அவமானப்படுத்துபவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, அவருக்கு வகுப்பும் எடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அந்த வேலையை அவர் பக்கம் நிற்கும் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். உண்மையில் அவர்களுடைய வேலைதான் அது.

இதில் எந்த அம்சம் வேலை செய்கிறது என்று இதே இருவர் அடுத்துத் தேடினார்கள். 2020-இல் வெளியான ஆய்வுக்காக ஏழு இடங்களில் 230 தொண்டர்கள் 6,869 வாக்காளர்களிடம் பேசினார்கள். ஆவணமில்லாமல் குடியேறியவர்கள் பற்றிய சோதனையில் ஒரு சாராரிடம் வாதங்களை மட்டும் வைத்தார்கள். இன்னொரு சாராரிடம் அதே வாதங்களோடு, தீர்ப்புச் சொல்லாமல் அனுபவங்களைப் பரிமாறிக்கொள்வதையும் சேர்த்தார்கள். வெறும் வாதத்துக்குப் பலனே இல்லை. அனுபவப் பரிமாற்றம் சேர்ந்தபோது மாற்றம் குறைந்தது நான்கு மாதம் நின்றது. மாற்றத்தின் அளவு சிறியது. அதை ஊதிப் பெருக்க வேண்டாம், ஒருமுறை பேசியதால் ஊரே திருந்திவிடாது.

இனிமையாக அரட்டை அடித்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. அமெரிக்காவின் இரு பெரிய கட்சியினரையும் ஜோடி சேர்த்து வீடியோவில் பேசவிட்ட ஆய்வு ஒன்று 2022-இல் வந்தது. உங்கள் கனவு நாள் எப்படி இருக்கும் என்று பேசியவர்களுக்கு எதிர்க்கட்சி மீதான கசப்பு வெகுவாகக் குறைந்தது. மூன்று மாதத்தில் அந்தப் பலன் பெரும்பாலும் கரைந்துவிட்டது. என் கட்சியை ஏன் ஆதரிக்கிறேன் என்று நேரடியாக மோதியவர்களுக்குக் கசப்பு குறையவே இல்லை. மேடையேற்றி மோதவிடும் தொலைக்காட்சி விவாதங்களிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எழுத்து இன்னும் மோசம். கருக்கலைப்பு, ஆப்கன் போர், ஏன், எந்த வகை இசை உசத்தி என்பது பற்றிக்கூட, தங்களுக்கு ஒவ்வாத கருத்தைக் குரலில் கேட்டவர்கள், ‘இந்த ஆளுக்கும் புத்தி இருக்கிறது’ என்று நினைத்தார்கள். அதையே எழுத்தில் படித்தவர்களுக்கு அந்த மதிப்பு வரவில்லை. இதுவும் 2017-ஆம் ஆண்டு ஆய்வுதான்.

எனவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா பகிர்ந்த எதையோ பார்த்து ரத்தம் கொதித்தால், பதிலைத் தட்டச்சு செய்யாதீர்கள். போன் போடுங்கள். “ஏன் சித்தப்பா அப்படி நினைக்கிறீங்க?” என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருங்கள். பிறகு உங்கள் கருத்தையும் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.