தொட்டியில் வளரும் கஸ்தூரி எலுமிச்சை

முற்றத்திற்கு அழகும் அடுக்களைக்குப் பயனும் தரும் மரம் யாதென வினவினால், மலாய்க்காரர் ‘லீமாவ் கஸ்தூரி’ என்றழைக்கும் சிற்றெலுமிச்சையையே கூறலாம். எக்காலமும் பசுமை மாறாத இச்சிறுமரம் வெண்மலரும் பசுங்காயும் பொன்னிறக் கனியும் ஒருங்கே தாங்கி நிற்பதுண்டு. சீனர்கள் தம் புத்தாண்டில் இதனையும் வாயிலில் வைப்பர்.

விதையிட்டால் காய்க்கப் பல ஆண்டுகளாகும்; பதியக் கன்றே விரைந்து காய்க்கும். அடியில் துளையுள்ள தொட்டியில் நட்டு, நல்ல வெயிலில் வைத்திடுக. தோட்டத்து வீடு நமக்குச் சொந்தமன்று. ஓய்வுபெற்று வெளியேறும் நாளில் மண்ணில் வேரூன்றிய மரம் அங்கேயே நின்றுவிடும். தொட்டி மரமோ நம்முடன் வரும்.

மாணவர்களே, இலைமேல் பறவையின் எச்சம்போல் ஒட்டியிருப்பவை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள்! கையாலேயே அகற்றிவிடலாம். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் டிங்கிக் கொசு பெருகும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். அதன் முட்டைகள் உலர்ந்த பின்னும் பல மாதங்கள் உயிரோடிருக்கும்.